குற்றக் கணக்கு சரியாக இருக்க, புகார் பதிவாக வேண்டும்

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

காவல் நிலையங்களில் போடப்படும் வழக்குகளைக் கூட்டித்தான் ஒரு மாநிலத்தின் குற்றக் கணக்கு தயாராகிறது. 1953 முதல் வெளிவரும், இப்போது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுக்கும் 'இந்தியாவில் குற்றங்கள்' அறிக்கைக்கும் இதுவே அடிப்படை. புகாராக வராத குற்றமும், வந்தும் வழக்காகாத குற்றமும் அதில் ஏறுவதில்லை. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படுகிறது.

ஆகவே எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் குற்றத்தின் ஏற்ற இறக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019இல் சுமார் 4.5 லட்சமாக இருந்த வழக்குகள் 2020இல் 13.7 லட்சத்தைத் தாண்டின. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகளே இதற்கு முக்கியக் காரணம். அதே ஆண்டில் நாடு முழுவதும் திருட்டு வழக்குகள் குறைந்தன. 2012இல் நாட்டில் 24,923 ஆக இருந்த பாலியல் வன்புணர்வு வழக்குகள் 2013இல் 33,707 ஆயின. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்புணர்வுக்குப் பிறகு பெண்கள் துணிந்து புகார் கொடுத்ததும், சட்டத்தின் வரையறை விரிந்ததும் அந்த உயர்வில் அடங்கும்.

குறைவான எண்ணும் ஏமாற்றக்கூடும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் கைப்பேசியை பைக்கில் வந்தவர்கள் பறித்துச் செல்கிறார்கள். "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சிம் வாங்க அது போதும்" என்று காவல் நிலையத்தில் சொல்லப்படுவதுண்டு. அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுடன் வீடு திரும்புகிறார். முதல் தகவல் அறிக்கை போடப்படாததால், ஆண்டுக் கணக்கில் அந்தப் பறிப்பு நடக்கவே இல்லை. அந்த நிறுத்தத்துக்கு ரோந்து கேட்கவும் ஆதாரம் இருக்காது.

சட்டம் புகார்தாரர் பக்கம் நிற்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனைக்குரிய சில புகார்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

எனவே பொதுமக்களிடம் கேட்டுக்கொள்வது:

1. குற்றம் சிறிதானாலும் புகார் கொடுக்க வேண்டும். பறிபோனதைத் தொலைந்ததாக எழுதித் தரக் கூடாது.

2. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும், அது இலவசம். சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடாகாது.

3. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதன் பிறகும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

4. இணையவழிப் பண மோசடி என்றால் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

5. மொத்த எண்ணை மட்டும் வைத்து ஒரு மாவட்டத்தையோ காவல் நிலையத்தையோ எடைபோடக் கூடாது. எந்த வகை வழக்கு கூடியது, எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்று கேட்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டு என்ற நெருக்கடி, புகாரை வாங்க மறுப்பதில்தான் போய் முடியும்.

இவண்,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்