துப்பாக்கி விளையாட்டா? யோசிப்போமே!

எமது கோடை விளையாட்டு விழாவில் ஓட்டமும் கயிறிழுத்தலும் இளையவர்களோடு முடிந்துவிடுகின்றன. முழங்கால் வலியுள்ள நாங்கள் கதிரையில் இருந்து கைதட்டுகிறோம். பேரப்பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து போட்டியிடக்கூடிய விளையாட்டு ஒன்று உண்டு: காற்றுத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுதல்.

"துப்பாக்கியா?" என்று முகம் சுளிப்பது புரிகிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தானே எம்மில் பலர். மனம் ஒப்பாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் பிள்ளைகள் துப்பாக்கியைக் கணினி விளையாட்டில் மட்டும் காண்பதைவிட, கட்டுப்பாட்டோடு அறிவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

எமக்கு அயலிலுள்ள விம்பிள்டனில் 1860இல் விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டுத் தொடக்கிவைத்த போட்டி, 1890 முதல் சரேயின் பிஸ்லியில் நடக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொண்டார்.

இதற்கு வேகம் வேண்டாம். மூச்சைப் பாதி விட்டு, சற்று நிறுத்தி, மனதை ஒருமுகப்படுத்த வேண்டும். நிற்க முடியாதவர்கள் மேசையில் தாங்கிச் சுடலாம்.

ஆனால் மண்டபத்தில் நாமாக நடத்தவே கூடாது. அங்கீகாரம் பெற்ற கழகமொன்றின் தளத்தில், அவர்களின் மேற்பார்வையில் மட்டுமே நடத்தலாம். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அவசியம். குண்டுகள் ஈயத்தாலானவை, கை கழுவாமல் வடை, ரோல்ஸ் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேசுவோம். வேண்டாம் என்போரும் கட்டாயம் வாருங்கள். உங்கள் காரணத்தையும் கேட்க வேண்டும்.