கல்லாவுக்குக் கணக்கு உண்டு, பிள்ளைக்கு?

மந்தாரக்குப்பம் கடைவீதியில் விடிகாலையிலேயே ஷட்டரைத் தூக்கும் சகோதரா, உன்னிடம்தான் கேட்கிறோம்! சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் நேரம் உனக்கு அத்துப்படி. உன் மகன் எந்த வகுப்பில் படிக்கிறான்?

நீ புறப்படும்போது அவன் எழுந்திருக்கவில்லை, திரும்பும்போது தூங்கிவிட்டான். 'எல்லாம் அவனுக்காகத்தானே' என்கிறாய். ஆறு வயதுக்குள் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்த வயதில் பிள்ளைக்குத் தேவை நீ சேர்க்கும் சொத்தா, மடியில் வைத்துப் பேசும் அத்தாவா? பேச்சுக் கொடுத்தால்தான் பேச்சு வரும். நீ கொடுத்ததோ கைபேசி!

நாடு முழுவதும் 6 முதல் 14 வயதுவரை உள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. அரசைக் கேட்டோம், இனியும் கேட்போம். ஆனால், பத்தாம் வகுப்பில் தவறியவனை மறுநாளே கல்லாவில் உட்கார வைத்தது எந்த அரசு?

தாய் மட்டும் என்ன செய்வாள்? சமைப்பதும் அவள், கண்டிப்பதும் அவள், பிள்ளை கெட்டால் பழி ஏற்பதும் அவளே!

ஜும்ஆவுக்குக் கடை அடைக்கிறாயே, வியாபாரமா படுத்துவிட்டது? இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக அடை. போய் அவன் நோட்டைப் புரட்டு.