சைக்கிளுக்கும் ஓர் ஆசான்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவரைக் காண்பது அரிது. 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது நோயாளியையும் விறகையும் சுமந்து குடாநாட்டை இயங்கவைத்தது அவ்வண்டியே. ஆதலால், ‘இதற்கும் ஓர் ஆசானா?’ என நம்மவர் நகைக்கின்றனர். அந்நகைப்புப் பொருந்தாது என்பேன்.

1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் மலைச் சைக்கிளோட்டத்தைப் பாருங்கள். சரிவில் இறங்குபவர் உடலைச் சற்றே பின்னகர்த்தி, பெடல்களை ஒரே மட்டத்தில் நிறுத்தி, முன் பிறேக்கை இதமாகப் பிடித்து, பார்வையைத் தொலைவிற் செலுத்தவேண்டும். தன் முதுகின் வளைவைத் தானே காணுதல் எவர்க்கும் இயலாது. திருத்துவாரின்றேல் பிழையே பழக்கமாக இறுகிவிடும். பயிலாத இளைஞன் மலைநாட்டுச் சரிவில் வீழ்ந்தால், ‘துணிவு போதாது’ என்று பழிக்கிறோம். கற்பியாத குற்றம் நம்முடையதன்றோ?

குடாநாட்டில் மலை ஏது என்பீர்கள். சமநிலையும் திருப்பமும் பயில வலிகாமத்துக் கல்லொழுங்கைகளும் வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளும் போதும். கிரிக்கெட்டுக்குப் பயிற்றுநரை அமர்த்தும் நம் கல்லூரிகள் சைக்கிளுக்கும் ஒருவரை அமர்த்தட்டும். நாள்தோறும் பல கல் தொலைவு சைக்கிள் மிதித்துப் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குக் கால்வலிமையை எவரும் புகட்டவேண்டியதில்லை.