தூசிக்கு நடுவே ஒரு கண்ணாடிப் புட்டி

கோலார் தங்கவயலில் காற்றடிக் காலம் வந்தால் வீட்டுக்குள் செடி வைத்திருப்பவர்களுக்கு வேலை கூடிவிடும். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், கோடிக்கணக்கான டன், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்று எழுந்தால் மாவு போன்ற அந்தத் தூசி ஜன்னல் வழியே புகுந்து மணிபிளாண்ட் இலைகளில் படிகிறது. வெளிச்சம் படாத இலை சோர்ந்துபோகிறது.

லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவரும் இப்படித்தான் தவித்தார். அவர் ஆசையாக நட்ட பெரணிகளை நிலக்கரிப் புகை கருக்கியது. 1829இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு புட்டியில் அடைத்து வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பெரணி முளை பட்டது! மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் துளியாகி மண்ணுக்கே இறங்கியது. புகை உள்ளே வரவில்லை. 1833இல் அப்படி அடைத்த செடிகள் மாதக்கணக்கில் கடலில் போய், சிட்னியில் உயிரோடு இறங்கின. பின்னாளில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைப் பக்கம் கொண்டுவந்ததும் வார்டின் பெட்டிகளில்தான்.

செடிகளுக்கான கண்ணாடி நம் பக்கமும் வந்தது: பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்து அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் இருந்ததோ ‘லைன்கள்’ எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளின் தட்டி வீடுகளில். அங்கே கண்ணாடிக்கு ஏது வழி?

ஆனாலும் வீட்டுக்குள் முளைக்கவைப்பது தமிழருக்குப் பழக்கமானதே. சிலப்பதிகாரத்தின் திருமணக் காட்சியிலேயே முளைப்பாலிகை வந்துவிடுகிறது. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் பெண்கள் அதை இருட்டறையில் வளர்ப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகாது. தண்டு நெடுநெடுவென்று வெளிர்மஞ்சளாக வளரும். வார்டு புகையைத் தடுத்து வெளிச்சத்தை விட்டார். இவர்கள் வெளிச்சத்தையே தடுத்தார்கள்.

தங்கவயலில் இன்று சயனைடு மேடுகளைச் செடிகொடிகளால் மூடுவதே முதல் வேலை. அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்கள் மனிதர்கள். மேடுகளை மூடும் வேலையைத் தள்ளிப்போடுவது பெரும் அநியாயம். அதுவரை, செடிகளைக் காக்கவாவது வார்டின் வழி தங்கவயல் வீடுகளுக்கு உதவும். பழைய ஊறுகாய்க் கண்ணாடி ஜாடி போதும்: அடியில் சரளை, மேலே கொஞ்சம் கரித்தூள், பிறகு மண், ஒரு சின்னப் பெரணி. கண்ணாடியில் நீர் அதிகம் கோத்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம். நேர்வெயில் மட்டும் கூடாது, உள்ளே இலை வெந்துவிடும். துளசிக்கு இது சரிப்படாது. அதற்கு வெயிலும் காற்றோட்டமும் வேண்டும்.