கவுன்சிலர் சமூக நல இலாகாவுக்குப் போனா, பிள்ளைக்கு என்ன பயன்?

கோலா சிலாங்கூரைத் தாண்டி, தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று கூட்டரசு சாலை 5-இல் வடக்கே போய், கடல் பக்கம் திரும்பினா பாகான் நக்கோடா ஓமார் வரும். சபாக் பெர்ணம் மாவட்டத்தின் கடலோர ஊர்.

இப்படி ஓர் ஊரில், அல்லது பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில், ஒரு பிள்ளை வீட்டில் தொடர்ந்து அடி வாங்குது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சத்தம் கேட்குது. வகுப்பாசிரியருக்குச் சந்தேகம் இருக்கு. யார்கிட்ட சொல்றது? பலர் வாயில் முதலில் வரும் பதில்: "கவுன்சிலர்கிட்ட சொல்லிப் பாருங்க."

கால்வாய் அடைத்தாலும் தெரு விளக்கு எரியாவிட்டாலும் அது சரியான பதில்தான். பிள்ளை விஷயத்தில்?

கவுன்சிலருக்கு இதில் அதிகாரம் இருக்கா?

நேரடியாக இல்லை. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஆபத்தில் இருந்தால் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரியோ போலீசாரோ தற்காலிகமாகத் தங்கள் பொறுப்பில் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். இலாகா மத்திய அரசாங்கத்தின் கீழ் வருவது. அதிகாரி பதில் சொல்ல வேண்டிய இடம் புத்ராஜெயா.

கவுன்சிலரின் கதை வேறு. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. 1976 ஊராட்சி மன்றச் சட்டப்படி ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஒரு தவணை அதிகபட்சம் 3 ஆண்டு. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஷா ஆலம். சமூக நல அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

ஆனால் தடையும் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணையில், சமூக நலனும் சிறார் பாதுகாப்பும் மத்திய, மாநில அரசாங்கங்கள் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில்தான் இருக்கின்றன.

பிரிட்டனில் எப்படி?

அங்கே சிறார் பாதுகாப்பை நடத்துவதே உள்ளூர் மன்றங்கள். சமூகப் பணியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் மன்றம்தான்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் கொடுமையால் இறந்தாள். மன்றங்கள், மருத்துவமனைகள், போலீஸ் என்று பலருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. குறைந்தது 12 தடவை காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்றது 2003-இல் வந்த லாமிங் விசாரணை அறிக்கை. அதற்குப் பிறகு வந்த 2004 சட்டம், இங்கிலாந்தில் இந்தச் சேவையை நடத்தும் ஒவ்வொரு மன்றமும் ஒரு கவுன்சிலரைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவராகப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும் என்றது. சமூகப் பணியாளர் குழுக்களைக் கவுன்சிலர்கள் நேரில் போய்ப் பார்ப்பது இன்று அங்கே பல மன்றங்களில் வழக்கம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. கிளிம்பியே வழக்கில் சிக்கிய மன்றங்களில் ஒன்று ஹாரிங்கே. அதே ஹாரிங்கேயில் 2007-இல் 17 மாதக் குழந்தை ஒன்று கொடுமையால் இறந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். 2008 டிசம்பரில் அந்த மன்றத் தலைவரும், பிள்ளைகளுக்குப் பொறுப்பான கவுன்சிலரும் பதவி விலகினார்கள். பொறுப்பு யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

அப்போ நம்ம ஊர் மன்றத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கு. 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி, ஜிஐஎஸ்பி நிறுவனத்துடன் தொடர்புடையவை என்று போலீஸ் சொன்ன 20 இல்லங்களில் சோதனை நடந்தது. அவை இருந்தது சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும். 402 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். நாடே கேட்ட கேள்வி: இத்தனை நாளாக யாரும் பார்க்கவில்லையா?

1993 பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குத் தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறையோடு ஊராட்சி மன்றத்தின் அங்கீகாரமும் தேவை. அதாவது கட்டடம் மன்றத்தின் கண்ணில் படுகிறது. உள்ளே இருக்கும் பிள்ளை இலாகாவின் பொறுப்பு. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் விழுவது பிள்ளைதான்.

போனா என்ன கேட்கணும்?

மாவட்ட சமூக நல அலுவலகம் பிள்ளைகளை மட்டும் பார்ப்பதில்லை. முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை, வெள்ளம் வந்தால் நிவாரண மையம் என்று எல்லாமே அங்கேதான். கடல் பெருக்கும் வெள்ளமும் பழகிப்போன இந்த வட்டாரத்தில் அது சின்ன வேலை இல்லை. ஆகவே பயனுள்ள கேள்விகள் இவைதான்: தோட்டத்து வீட்டுக்குப் போக வண்டி இருக்கா? தமிழில் பேச ஆள் இருக்கா? பிள்ளையிடம் தனியாகப் பேச இடம் இருக்கா? நம் பகுதியில் பதிவில்லாத இல்லம், பராமரிப்பு மையம் இருக்கா?

மொழிக் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கு. சிறார் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, உள்ளூர்ச் சேவைகளை ஒருங்கிணைக்கச் சிறார் பாதுகாப்புக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரி தலைவர். அரசாங்க மருத்துவரும் மூத்த போலீஸ் அதிகாரியும் உறுப்பினர்கள். இனம், பண்பாடு, சமயம் சார்ந்த விஷயங்களில் ஆலோசனை சொல்லக்கூடியவரையும் குழு சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளையின் வீட்டைப் புரிந்த ஒருவரைப் பரிந்துரைப்பது கவுன்சிலரால் முடியும்.

எதைக் கேட்கக் கூடாது?

பெயரை. 15-ஆவது பிரிவின் கீழ், இப்படிப்பட்ட வழக்கில் பிள்ளையை அடையாளம் காட்டும் தகவலை வெளியிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சின்ன ஊரில் பெயர்கூடத் தேவையில்லை. "அந்தத் தோட்டம், நாலாம் வகுப்பு, அப்பா லோரி ஓட்டுறாரு" என்றாலே போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் படம் எடுத்து முகநூலில் போடும் வருகை வேண்டவே வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டுச் சண்டையைக் கங்காணியோ கிராணியாரோ பேசித் தீர்த்து வைப்பார்கள். இன்று அந்த நாற்காலியில் கவுன்சிலரையும் இந்திய சமூகத் தலைவரையும் உட்கார வைக்கிறோம். "குடும்ப விஷயம்ங்க, பேசி முடிச்சிடலாம்." புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டைக்கு அது ஒத்துவரலாம். அடி வாங்கும் பிள்ளைக்கு அது கதவைச் சாத்துவது. அதிகாரியிடம் போய், "நம்ம ஆளுதான், பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லும் வருகையைவிட, வராமலே இருப்பது நல்லது.

ஆகவே நல்ல வருகைக்கும் கெட்ட வருகைக்கும் வித்தியாசம் இதுதான். நல்ல வருகை அதிகாரியின் கையைப் பலப்படுத்தும். கெட்டது அந்தக் கையைப் பிடித்து இழுக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் கவுன்சிலரைத் தேட வேண்டாம். தாலியான் காசே 15999-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இயங்கும். 019-261 5999 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 999. மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளையைப் பராமரிப்பவர் ஆகியோருக்குத் தகவல் சொல்வது சட்டக் கடமை. மற்றவர்களும் சொல்லலாம். உறுதியான ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. விசாரிப்பது அதிகாரியின் வேலை.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது வேறு. பாகான் நக்கோடா ஓமார் என்றால் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றம். தெற்கே வந்தால் கோலா சிலாங்கூர் நகராண்மைக் கழகம். அடுத்த தடவை உங்கள் கவுன்சிலரைக் கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ பார்க்கும்போது, தெரு விளக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள்: "மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குக் கடைசியா எப்போ போனீங்க? அங்கே என்ன இல்லைன்னு சொன்னாங்க?"

பதில் இல்லை என்றால், அடுத்த தடவையும் கேளுங்கள்.