யூரியா பயிருக்குத்தான் போகிறது என்று யார் சொன்னது?

தம்புள்ளையிலோ கலேவெலவிலோ எந்தப் பசளைக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழுவது ஒரே பேச்சுத்தான். இலை வெளிறினால் யூரியா. காய் பிடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் யூரியா. பக்கத்துக் காணிக்காரர் இரண்டு மூட்டை போட்டாரா, நான் மூன்று போடுகிறேன். நிலத்தில் கொட்டுவதெல்லாம் பயிரின் வாய்க்குள்தான் போகும், கூடக் கொட்டினால் கூட விளையும் என்ற நம்பிக்கை இந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கிறது. அதைக் கேள்வி கேட்பவரை வேலை இல்லாதவர் என்றுதான் மாத்தளையில் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நம்பிக்கை பொய் என்பதில் மாற்றமில்லை.

50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ நைதரசன். நெல் வயலில் வீசும் நைதரசனில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி என்று பல நாடுகளில் அளந்து சொல்லிவிட்டார்கள். மீதியை யார் கொண்டுபோனது?

நாவுலப் பக்கம் தண்ணீர் கட்டிய வயல் ஒன்றில் இறங்கி, சேற்றை ஒரு கைப்பிடி அப்படியே வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் கபில நிறம். அதற்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறம், அழுகல் வாடை. நெல் வேரை ஒட்டி மட்டும் துருப்பிடித்த மாதிரி ஒரு செம்மை இருக்கும். தண்டின் வழியாக வேர் இறக்கும் ஒட்சிசனின் அடையாளம் அது. பங்கு பிரிப்பு முழுவதும் இந்தக் கோடுகளில்தான் நடக்கிறது. யூரியாவை முதலில் அமோனியமாக உடைப்பவை மண்ணின் நுண்ணங்கிகள். ஒட்சிசன் உள்ள கபிலப் படையில் இன்னொரு கூட்டம் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்று நீரில் கரைந்து ஒரு விரல் தடிப்புக் கீழே இறங்கினால் போதும், ஒட்சிசன் இல்லாத அந்த இருட்டில் மூன்றாவது கூட்டம் அதையே சுவாசித்து நைதரசன் வாயுவாக்கி மேலே விட்டுவிடுகிறது.

காற்றில் இருந்த நைதரசனைப் பிடித்து, தொழிற்சாலையில் 400 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி அழுத்தி, டொலர் கொடுத்துக் கப்பலில் இறக்கி, லொறியில் மலை ஏற்றி வயலில் போட்டோம். சில வாரத்தில் அது காற்றுக்கே திரும்பிவிட்டது. போகிற வழியில் கொஞ்சம் நைத்திரசு ஒட்சைட்டாகவும் கசிகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. வெயில் ஏறிய பிறகு தேங்கிய நீரில் வீசினால் இன்னொரு நட்டமும் உண்டு. பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை இழுக்க இழுக்க நீர் காரமாகிறது. அமோனியம் அமோனியாவாகிப் பறக்கிறது. மூக்கில் ஏறும் அந்த நெடிக்கும் சேர்த்துத்தான் கடையில் காசு கொடுத்திருக்கிறோம்.

இந்த நுண்ணங்கிகள் நமது வயலுக்கென்று பிறந்தவை அல்ல. மெக்சிகோவில் கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் பள்ளத்தில், ஏறத்தாழ 2,000 மீற்றர் ஆழத்தில், பூமியின் சூடு ஏறிய வண்டல் கிடக்கிறது. வெயில் எட்டிப்பார்க்காத இடம். அங்கும் செத்த உயிர்ப்பொருள் வெந்து அமோனியமாக உடைகிறது. அங்கும் ஒட்சிசன் உள்ள மெல்லிய மேற்படை, அதற்குக் கீழே இல்லாத படை. அங்கும் நைதரசனைக் கைமாற்றுபவை நுண்ணங்கிகள்தான். பசுபிக் கடலடியில் உள்ள வான் டி பூகா மலைத்தொடரின் வெந்நீர்த் துவாரத்தில் எடுத்த ஓர் ஆர்க்கியா, 92 பாகை வெப்பத்தில் நைதரசன் வாயுவைப் பிடித்து உணவாக்குகிறது என்று 2006இல் அறிவித்தார்கள். நமது இந்து சமுத்திரத்திலும் 2024 டிசம்பரில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவா ஆய்வு மையமும் 4,500 மீற்றர் ஆழத்தில் இப்படியொரு துவாரத்தைப் படம் பிடித்தன. அங்கேயெல்லாம் யாரும் மூட்டை கொண்டுபோய்க் கொட்டவில்லை. மூட்டை வந்து ஏறத்தாழ நூறு வருடம்தான் ஆகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் கோடிக்கணக்கான வருடத்துப் பழசு.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பவர்கள் சேனையில் ஒரு கௌபிச் செடியை மெதுவாகத் தோண்டி எடுக்கட்டும். வேரில் மிளகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே இரத்தச் சிவப்பு. சிவப்பென்றால் உள்ளிருக்கும் பற்றீரியா காற்றிலிருந்து நைதரசன் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யூரியா தாராளமாக விழுந்த பாத்தியில் அதே செடியைத் தோண்டுங்கள். முடிச்சு குறைந்திருக்கும், இருப்பதும் சோனியாக இருக்கும். வேரடியில் நைத்திரேற்று கிடைத்தால் பற்றீரியாவுக்குச் சோறு போட செடிக்கு என்ன அவசியம்? சும்மா கிடைப்பதை நிறுத்திவிட்டுக் காசுக்கு வாங்குகிறோம். மாத்தளையின் மிளகுத் தோட்டக்காரருக்கு இது தெரியாததல்ல. கொடி படர அவர் நட்டிருக்கும் கிளிசரியாவும் இதே வேலையைச் செய்கிற மரம்தான். கிளையை வெட்டிக் கொடியடியில் போட்டுவிட்டுப் போகிறார். அவரே கீழே மரக்கறிப் பாத்திக்கு இறங்கியதும் மூட்டைக்குப் பக்தராகிவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

“போட்டால் பச்சையாகிறதே, கண்ணால் பார்க்கிறோமே” என்பார்கள். பச்சையாகும்தான். ஆனால் விற்பது இலையையா? பெரிய வெங்காயத்துக்குக் கடைசி வாரங்களில் யூரியாவை அள்ளிப் போட்டால் கழுத்துத் தடிக்கிறது, காய்வதில்லை, பட்டறையில் அழுகுகிறது. பொருளாதார மத்திய நிலையத்தில் வியாபாரி கழுத்தை அமுக்கிப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். நெல்லில் மிதமிஞ்சிய பச்சை தத்திகளுக்கு விருந்து. கதிர் ஏறியதும் பயிர் சாய்ந்துவிடும்.

இந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. 2005 தொடக்கம் பல வருடம் நெல் செய்கையாளருக்கு 350 ரூபாய்க்கு ஒரு மூட்டை கிடைத்தது. அந்த விலையில் யார் அளந்து போடுவார்கள்? பிறகு 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இறக்குமதியே தடை. தடைக்காரர்களும் மூட்டைக்காரர்களின் உடன்பிறப்புகள்தான். மூட்டையில்தான் எல்லாம் இருக்கிறது என்று இவர்கள் நம்ப, மூட்டையில்தான் எல்லா நஞ்சும் இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று இரு தரப்பும் கேட்கவில்லை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவில் ஒரு மூட்டை யூரியாவை ஈடுகட்ட ஒன்றரைத் தொன் வேண்டும். அதுவும் நுண்ணங்கி உடைத்துத் தரும் வேகத்தில்தான் கிடைக்கும். அந்த வேகம் வர்த்தமானிக்குக் கட்டுப்படாது. சேதனப் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும் மழையில் ஒழுகத்தான் செய்யும். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த நனோ யூரியா இன்னும் வேடிக்கை. நூற்றுக்கு 4 பங்கு நைதரசன் உள்ள அரை லீற்றர்ப் போத்தலில் இருப்பது 20 கிராம். மூட்டையில் 23 கிலோ. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும். அந்த வருடம் நவம்பரிலேயே தடையை மீட்டுக்கொண்டார்கள். நட்டத்தை மீட்க யாரும் வரவில்லை.

ஒழுகிப்போகும் நைத்திரேற்று மறைந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல இடங்களில் தாண்டியது பல வருடத்துப் பழைய செய்தி. மாத்தளையின் மண் வேறு, பாறை வேறு. ஆனால் இங்கே மரக்கறிப் பாத்திக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் பல வீடுகளில் ஒரு வேலிதான் இருக்கிறது. அம்பன் கங்கை நமது வாய்க்கால் கழிவையும் சேர்த்துக்கொண்டுதான் கீழே பொலனறுவைக்குப் போகிறது.

செய்யவேண்டியது புதியதொன்றுமில்லை. வயலில் தண்ணீரை இறக்கிவிட்டுப் போடு, சேற்றோடு கலந்துவிடு, பிறகு நீர் கட்டு, ஒரேயடியாக வீசாமல் பயிரின் பருவம் பார்த்துப் பிரித்துப் போடு என்று விவசாயப் போதனாசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கமநல சேவை நிலையத்தில் மானியத்துக்குக் காணியின் பரப்பைக் கேட்கிறார்கள், உறுதியைக் கேட்கிறார்கள், வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்கிறார்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்றும் இனிமேல் கேட்கட்டும்.