வால் எலும்பு வலியைச் சொல்ல வெட்கம் வேண்டாம்

எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வருவோரில் சிலர் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். “பரவாயில்லைங்க டாக்டர், நின்னுக்கறேன்” என்பார்கள். சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று எழுதியிருக்கும். உடன் வந்தவர் வெளியே சென்ற பிறகுதான், “உக்கார்ற எடத்துல வலிங்க” என்று தாழ்ந்த குரலில் உண்மை வெளிவரும். இப்படி மறைத்துப் பல மாதங்கள் துன்பப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். வெட்கத்தை விட்டுத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமது முதுகெலும்பில் பொதுவாக 33 எலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆகிய 24 எலும்புகளும் தனித்தனியே அசைபவை. அவற்றின் கீழே 5 எலும்புகள் ஒன்றாக இணைந்து முக்கோண எலும்பாக அமைந்துள்ளன. அதன் நுனியில் பெரும்பாலும் 4 சிறு எலும்புகள் சேர்ந்த பகுதியே வால் எலும்பு. சிலருக்கு 3 அல்லது 5 இருப்பதும் உண்டு. குயிலின் அலகைப் போல் வளைந்திருப்பதால் கிரேக்கர்கள் அப்பறவையின் பெயரையே இதற்கு இட்டனர்.

வாலின் மிச்சம்தானே, இதனால் என்ன பயன் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கும் தசைகளும், பிட்டத்தின் பெரிய தசையின் ஒரு பகுதியும் இவ்வெலும்பைப் பற்றி நிற்கின்றன. சாய்ந்து உட்காரும்போது உடல் எடையில் ஒரு பங்கு இதன்மேல் இறங்குகிறது. ஆகவேதான் இதில் அடிபட்டால் உட்காரும்போதும், எழும்போதும், முக்கி மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது.

“நரம்பு போயிடுமா, கால் வராமப் போயிடுமா?” என்று அஞ்சுவோரும் உண்டு. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மெல்லிய நார் ஒன்று வால் எலும்பு வரை வருகிறது. ஆதலால் வால் எலும்பில் மட்டும் பட்ட அடியால் கால்கள் செயலிழப்பதில்லை.

இவ்வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அவர்களது இடுப்பின் அமைப்பும், பிரசவத்தின்போது இவ்வெலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவதும் அதற்குக் காரணங்கள். ஸ்காட்லாந்தின் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1859-இலேயே இந்நோய்க்குத் தனிப் பெயர் சூட்டினார். ஆயினும் நான் முதுநிலை பயின்ற காலத்தில், குழந்தை பெற்ற ஒரு தாய் இவ்வலியைச் சொன்னபோது, “பிரசவத்துக்குப் பின் இது சகஜம்” என்று கூறித் தொட்டுப் பாராமலே அனுப்பிவிட்டேன். சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல், இரவெல்லாம் ஒருக்களித்துப் படுத்தே கொடுத்திருக்கிறார். குறை என்னுடையது. வெட்கத்தை மீறிச் சொல்பவரிடம் செவிகொடுப்பது மருத்துவரின் கடமை.

பெரும்பாலோர்க்கு இவ்வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சையின்றியே தணிகிறது. பின்பக்கம் வெட்டு விட்ட மெத்தையில் உட்காருங்கள். சற்றே முன்னோக்கிச் சாய்ந்து உட்காருங்கள். மொரப்பூரிலிருந்து அரூருக்கோ தருமபுரிக்கோ பேருந்தில் செல்வதானால் கடைசி வரிசையைத் தவிர்த்திடுங்கள். வேகத்தடைகள் மீது இருசக்கர வாகனத்தில் குலுங்கிச் செல்வதும் வேண்டாம். மிதமான வெந்நீர்த் தொட்டியில் அமர்வது இதமளிக்கும். கீரை, பழம், கேழ்வரகு, போதிய தண்ணீர் ஆகியவை மலச்சிக்கலைத் தவிர்க்க உதவும். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்காதீர்கள். எண்ணெய் தேய்த்து எலும்பை இழுத்துவிடுவதற்கு எவரிடமும் உடலைக் கொடுக்காதீர்கள். தணியாத வலிக்கு நின்றும் உட்கார்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுண்டு. ஊசி மருந்தும் உண்டு. எலும்பை அகற்றும் அறுவை வெகு சிலருக்கே தேவைப்படும்.

எனினும் சில அறிகுறிகளை வால் எலும்பு வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, மேலே இடுப்பில் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள். அவ்விடத்தில் வீக்கம், சீழ், காய்ச்சல் இருப்பினும், இரவில் படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் உடனே காட்டுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ மனைவியோ நின்றுகொண்டே சாப்பிட்டால், ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்தால், ஏன் என்று பரிவோடு கேளுங்கள். பரிசோதனையின்போது செவிலியர் அல்லது உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். கை வலி, கால் வலி போல இதுவும் ஓர் எலும்பின் வலியே. அதைச் சொல்வதில் இழிவு ஏதுமில்லை.